மூன்றாம் பாகம் பார்க்கலாமா

வேண்டாம்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
தொண்ணூற்றிரண்டு நிமிடம், அதில்
ஒரு குழம்பு வைத்து இறக்கிவிடலாம்.

முதல் பாகத்தில் ஒரு வீடு இருந்தது.
இரண்டாம் பாகத்தில் அந்த வீட்டின் மாடிப்படி மட்டும்.
மூன்றாவதில்
வாடகை கட்டுப்படியாகாமல் பேய்
மீன் கிடங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது.
ஏன் என்று கேட்கிறாள் கதாநாயகி.
சாபத்துக்கு முகவரி கிடையாது என்கிறார் பாதிரியார்.
பாதிரியார் முதல் பாகத்திலேயே செத்தவர்.
மீசை ஒட்டிக்கொண்டு
தம்பியாகத் திரும்பி வந்திருக்கிறார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,
சரி.
இங்கே இருண்டதெல்லாம்
விளக்கு வாடகையில் மிச்சம் பிடித்தது.

நாற்பத்தோராம் நிமிடத்தில்
கூரையிலிருந்து கறுப்பாக ஒன்று தொங்கும்.
யாரும் அலற மாட்டார்கள்.
அது என் மைக்.
கழியைப் பிடித்திருந்தவன் நான்,
கை மரத்துப்போயிருந்தது.

கதை நடப்பது லூசியானாவின் சதுப்பு நிலத்தில், ஜூலையில்.
மூன்றையும் எடுத்தது கனடாவின் கிம்லியில், பிப்ரவரியில்.
வெளியே ஏரி முழுக்கக் கல்லாகக் கிடந்தது.
வியர்வைக்காக நெற்றியில் தெளித்த தண்ணீர்
புருவத்தைத் தாண்டவில்லை.
வாய் திறந்தவர் எல்லோருக்கும் ஆவி பறந்தது,
ஆவிக்கு மட்டும் பறக்கக் கூடாது
என்றான் டைரக்டர் வேட் கோஸ்டினியுக்.
செத்தவள் மூச்சு விடலாமா?

அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால்
ஸ்டைனுன் வாயில் ஐஸ்கட்டியை அடக்கிக்கொள்வாள்.
டப்பாவை நீட்டுவதும் என் வேலைதான்.
கூட்டுறவுக் கடையில் பில் போடுகிறவள்.
நாளுக்கு நூற்றெண்பது டாலர், மதியம் சூப்.
மாவு பூசிய முகத்தோடு வெளியே போய்
சிகரெட் பிடிப்பாள்;
பள்ளிப் பேருந்து ஒருமுறை நின்றே விட்டது.

இரண்டாம் பாகம் வெளிவந்தபோது அவள் இல்லை.
கணையம். ஏழு வாரம்.

மூன்றாவதற்குக் காசும் இல்லை பேயும் இல்லை.
வேட் பழைய பெட்டிகளைக் குடைந்தான்.
வேண்டாமென்று ஒதுக்கிய துண்டு ஒன்று கிடைத்தது.
அவள் கணவன் அஸ்கெய்ருக்கு போன் செய்தான்.
முகம் தெரிகிறதா என்று கேட்டானாம் அவன்.
மாவுக்கு அடியில் தெரிகிறது.
அப்படியானால் போட்டுக்கொள் என்றானாம்.

அறுபத்தெட்டாம் நிமிடம். பதினோரு விநாடி.
படிக்கட்டில் நிற்கிறாள்
(மீன் கிடங்கில் ஏது படிக்கட்டு, கேட்காதீர்கள்).
ஒன்பதாவது விநாடியில்
ஐஸ் கரைந்துபோகிறது.
உதட்டோரத்தில் கொஞ்சம் வெள்ளையாக
வந்து
போகிறது.
அதற்காகத்தான் அன்று 'கட்' சொன்னான் வேட்.
அதற்காகத்தான் அந்தத் துண்டு மிஞ்சியது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
புளியமரம் ஏறத்தான் வேண்டும்.
கிம்லியில் புளியமரம் இல்லை.
குளிர்காலத்தில் ஒருமுறை,
நள்ளிரவு தாண்டி,
யாரும் பார்க்காத சேனல் ஒன்று அந்தப் படத்தைப் போடும்.
அன்று சாயங்காலம் அஸ்கெய்ர் கூரை ஏறி
டிஷ்ஷில் அப்பிய பனியைத்
துடைப்பத்தால் தட்டிவிட்டு இறங்குவான்.

அந்தப் பதினோரு விநாடியை மட்டும் வெட்டி
உன் போனில் போட்டுத் தரட்டுமா என்று
போன வருஷம் கேட்டேன்.
விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ மெத்தை.
வேண்டாம் என்றான்.
அவ வர்ற நேரத்துக்கு வரட்டும்.

பாதிரியார் வந்தார், மீசை ஒருபக்கம் கழன்றிருந்தது.
அஸ்கெய்ர் சிரித்தான்.
என் மைக் வந்தது, அதற்கும் சிரித்தான்.
அப்புறம் சிரிக்கவில்லை.

நான்காம் பாகம் இந்தப் பிப்ரவரியில்.
பேய் புதுசு, பத்தொன்பது வயது.
மூச்சு தெரிகிறதே என்ன செய்ய என்றாள்.
டப்பாவை நீட்டினேன்.
பல் கூசுது என்றாள்.
ஆமாம், கூசும் என்றேன்.